துணி என்றால் காற்றுப் போகும்

மலைக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ள எப்படி மறக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதுவும் பனியன் கம்பெனிக்காரர்கள். திருப்பூரில் நெருப்பெரிச்சல் என்கிற இடத்தில் இருக்கும் கம்பெனி குடோனில் கனடாவுக்குப் போகவேண்டிய ஹூடி கூரை முட்டக் கிடந்தது. அதில் நாலு உருப்படியை உருவிக் காரில் போட்டிருந்தால் போதும். முறுக்கு டின் ஏறியிருந்தது, எள்ளுருண்டை டப்பா ஏறியிருந்தது, நெளிந்துபோன ஒரு பேட்மிண்டன் மட்டைகூட ஏறியிருந்தது. ஸ்வெட்டர் ஏறவில்லை. குடும்பமே அரைக்கை டி-ஷர்ட்டில் கொடைக்கானலுக்கு மேலே வந்து இறங்கியது.

எங்கோ ஆரம்பிக்கிறாள் என்று நினைக்காதீர்கள் மேடம். முதலில் இருந்து சொல் என்றீர்கள். முதல் அதுதான். ஸ்வெட்டர் இருந்திருந்தால் அடுப்பு உள்ளே போயிருக்காது.

பேப்பரில் வந்ததைப் படித்தேன். "சொகுசுக் கூடாரத்தில் மூச்சுத் திணறி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் பலி. அறியாமையால் நேர்ந்த துயரம். உடன் சென்ற பெண் ஊழியர் அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினார்." அந்தப் பெண் ஊழியர் நான்தான். அதிர்ஷ்டத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

கூடாரத்தைப் பார்த்துக்கொள்ளும் நல்லானை நீங்கள் லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். பாவம் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பைக் கொடுத்தது அந்த மனிதர்தான், ஆனால் அவருக்கு அவ்வளவு கெமிஸ்ட்ரி தெரியாது. ஒருத்தர் செய்த வேலையை இன்னொருத்தர் பெயரில் எழுதுவது எனக்குப் பிடிக்காது. கம்பெனியில் அதைத்தான் செய்தார்கள். டெஸ்ட் எல்லாம் நான் போடுவேன், ரிப்போர்ட்டில் முதலாளி மகன் கவின் கையெழுத்துப் போடுவான். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர் வந்தால் அவன் கோட் போட்டுக்கொண்டு நிற்பான், நான் ஜூஸ் கொண்டுபோவேன்.

என் பெயர் அனுசுயா. அப்பா சீனிச்சாமிக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர், மகுடேஸ்வரன் சார் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் ஆனார். அம்மா மூக்கம்மாளுக்கு அங்கேயே செக்கிங் வேலை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கம்பெனி லேபில் துணியைச் சோதிப்பது என் வேலை. சாயம் போகிறதா, துவைத்தால் சுருங்குகிறதா, துணி வழியாக எவ்வளவு காற்றுப் போகிறது, இதையெல்லாம் பார்த்துச் சொல்வேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே மகுடேஸ்வரன் சார் என் டிகிரி ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டார். பல கம்பெனிகளில் நடப்பதுதான். ஆள் ஓடிவிடக் கூடாது. "இங்க இருந்தா பத்தரமா இருக்குமுங் கண்ணு. நம்மூட்டு பீரோவுல வெச்சுக்கறேன்" என்றார். திருப்பூர்ப் பக்கத்து ஆட்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள். வாங்க, உக்காருங்க, காப்பி குடிங்க. கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் "கொஞ்சம் அக்கட்டால போங்க" என்பார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கேட்கக் காதுக்கு இதமாகத்தான் இருக்கும்.

பெங்களூரில், வெளிநாட்டுக் கடைகளுக்குத் துணி வாங்கி அனுப்பும் ஒரு பையிங் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை ஒரிஜினலோடு வந்து சேரச் சொன்னார்கள். சாரிடம் கேட்டேன். முகம் மாறவே இல்லை.

"அதுக்கென்னங் கண்ணு, தந்துபோடறேன். இந்தச் சனி ஞாயிறு நாங்க மலைக்குப் போறோம். ஊட்டு வேலைக்கு வர்ற மருதாளுக்குக் காய்ச்சலு. எங்க சின்னப்புள்ள யாழினியப் பாத்துக்க ஒராளு வேணும். நீயும் வந்தீன்னா அங்கயே வெச்சுக் குடுத்துர்றேன், சந்தோசமா வாங்கிட்டுப் போ."

பீரோ திருப்பூரில் இருக்கிறது. பேப்பரை மலையில் வைத்து எதற்குத் தரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் அப்பா வருத்தப்பட்டிருப்பார். "மொதலாளி குடும்பத்தோட ஒரே கார்ல போறதுன்னா சும்மாவா தாயி? லைன் வீட்ல ஒருத்தருக்காச்சும் அது நடந்திருக்கா? போயிட்டு வா" என்றார். அன்று சாயங்காலத்துக்குள், கம்பெனித் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடு முழுக்கச் சொல்லியும் விட்டார்.

ஒரே கார்தான். கடைசி சீட்டில், முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில் எனக்கு இடம். அவிநாசிபாளையம் தாண்டியதும் சார் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "இந்தக் காடெல்லாம் எங்க அப்புச்சிதுங்க" என்று ஆரம்பித்தார். தன் வீட்டு ஆட்களிடமே சொன்னார். குண்டடம் போகும்வரை அவர் அப்புச்சியின், அதாவது அம்மா வழித் தாத்தாவின், காடு முடியவில்லை. அவர் மனைவி ஞானாம்பாள் அக்கா தூங்கிவிட்டார். கவின் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். யாழினி மட்டும் பின்னால் திரும்பி, சீட்டுக்கு மேலே தாடையை வைத்துக்கொண்டு என்னிடம் விடுகதை கேட்டாள். மூன்றாம் வகுப்பு. நல்ல பிள்ளை. இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அங்கே போனால் தைல மரத்துக்கு நடுவில் வெள்ளைவெளேரென்று ஒரு கூடாரம். உள்ளே கட்டில், மெத்தை, தரைவிரிப்பு, தொங்குகிற கண்ணாடி விளக்கு. இதற்குப் பெயர் கிளாம்பிங். எங்கள் சனம் ரோட்டோரத்தில் நாலு குச்சி நட்டுச் சாக்கைப் போர்த்தினால் பிரித்துப் போட ஆள் வரும். இவர்கள் அதையே செய்தால் ஆர்க்கிட் பூ வைத்து வரவேற்பார்கள். ஆர்க்கிட் பூவைக் கொடுத்தவர் நல்லான். என்னைப் பார்த்துவிட்டு, "இந்தப் பாப்பாவுக்கும் ஒரு ரூம் ஒதுக்கவாங்க?" என்று கேட்டார்.

ஞானாம்பாள் அக்கா சிரித்தார். "இது நம்மூட்டுப் புள்ளைங்க. இதுக்குன்னு தனியா ஒண்ணும் வேண்டாம். உங்க சமையல் ஷெட்டுல ஒரு கட்டலு இருந்தாப் போதும். சோறும் நாங்க சாப்புட்டு மிஞ்சறது போதும், புள்ள கொஞ்சமாத்தான் திங்கும்."

நான் உள்ளே போகுமுன் கூடாரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். பழக்கதோஷம். லாரிக்குப் போடும் தார்ப்பாய் மாதிரிதான். மேலே வழவழவென்று பிளாஸ்டிக் பூச்சு. உள்பக்கம் மட்டும் அழகுக்காகப் பருத்தித் துணி வைத்துத் தைத்திருந்தார்கள்.

மதியம் வெளியே தாழ்வாரத்தில் நல்லான் ஒரு இரும்பு அடுப்பில் கரி போட்டுக் கோழி சுட்டுக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய கையோடு சார் ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். கவின் போனை எடுத்தான், படம் பிடிக்க. பொங்கலுக்குத் தொழிலாளிகளுக்கு வேட்டி சேலை கொடுக்கும்போதும் இப்படித்தான் பிடிப்பார்கள்.

பிரித்தேன். என் டிகிரிதான். லேமினேஷன் போட்டிருந்தார்கள்.

"நாந்தான் போடச் சொன்னேன் கண்ணு" என்றார் ஞானாம்பாள் அக்கா. "மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது பாரு."

ஒரிஜினலை லேமினேட் செய்யக் கூடாது, செய்தால் சரிபார்க்கிற இடத்தில் ஏற்க மாட்டார்கள் என்பது டிகிரி வாங்கிய யாருக்கும் தெரியும். அந்த வீட்டில் டிகிரி வாங்கியவன் கவின் ஒருத்தன். அவன் படம் சரியாக விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சார் இன்னொன்றும் சொன்னார். "அப்பறம் கண்ணு, அந்தப் பெங்களூரு ஆபீஸ்ல பாண்டித்துரைன்னு மேனேஜரு. நமக்கு ரொம்பப் பழக்கம். நேத்தே பேசிப்போட்டேன். புள்ளைக்கு மனசு மாறிப்போச்சு, வல்லீங்க, வேற ஆளப் போட்டுக்கங்கன்னு சொல்லிட்டேன். பொட்டப்புள்ள தனியா அந்த ஊர்ல போயி என்ன பண்ணுவே? உங்கப்பன்கிட்டயும் கேட்டுட்டேன். சரீங்கன்னுட்டான். நீ இங்கயே நம்ம கவினுக்கு ஒத்தாசையா இரு. இப்ப சந்தோசந்தான?"

"சந்தோசங்க சார்" என்றேன்.

இதற்காகத்தான் செய்தாள் என்று எழுதிவிடாதீர்கள் மேடம். அப்படி எழுதினால் என்னைச் சின்னவளாக்குவீர்கள். ஒரு வேலை போனால் இன்னொன்று. எனக்குத் தகுதி இருக்கிறது, அவர்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டினாலும் இருக்கிறது. எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. லேபில் ஒரு ரோல் துணி டெஸ்ட்டில் தோற்றால் நாங்கள் அதன்மேல் கோபப்பட மாட்டோம். எடுத்துத் தனியாக ஒதுக்கி வைப்போம். அந்த நால்வரும் சாப்பிட்ட தட்டை அப்படியே என் முன்னால் தள்ளிவிட்டு எழுந்து போனபோது அந்த மாதிரித்தான் அவர்களைப் பார்த்தேன். இல்லை, நால்வரும் இல்லை. யாழினி அவள் தட்டை அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு மழை வந்தது. கரண்ட் போனது. கூடாரத்துக்குள் இருந்த ஹீட்டர் அணைந்தது. விடிகாலையில் கிளம்பி வந்தவர்கள், வயிறு நிறையக் கோழி தின்றவர்கள், தூங்கவேண்டும். குளிரில் தூக்கம் வரவில்லை. மெத்தைமேல் பெரியவர்கள் மூன்று பேரும் ரஜாய்ப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கோணிமூட்டைபோல உட்கார்ந்திருந்தார்கள். யாழினி தாழ்வாரத்தில் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, கையெல்லாம் வெறைச்சுப் போச்சுங்க" என்றார் ஞானாம்பாள் அக்கா. "அந்தக் கரியடுப்ப உள்ள எடுத்து வெச்சா கதகதன்னு இருக்குமல்ல?"

கவின் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஸ்மோக் வரும்மா" என்றான். அவன் வாழ்நாளில் யோசித்துப் பேசியது அது ஒன்றாகத்தான் இருக்கும். அதுவும் பாதி சரி.

"எங்கடா பொகை? செக்கச்செவேல்னு கெடக்குது பாரு. பொட்டுப் பொகையில்ல."

மகுடேஸ்வரன் சார் எழுந்து கூடாரத்தின் உள்பக்கத் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தேய்த்தார். பனியன் முதலாளிகள் எங்கே போனாலும் இதைச் செய்வார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டையைத் தேய்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் திரைச்சீலையைத் தேய்ப்பார்கள். இழவு வீட்டில் பிணத்தின்மேல் போர்த்திய துணியைத் தேய்த்துவிட்டு எத்தனை கவுண்ட், அதாவது எவ்வளவு மெல்லிய நூல் என்று சொன்னவரை நானே பார்த்திருக்கிறேன்.

"சிங்கிள் ஜெர்சி" என்றார் சார். பனியனுக்குப் போடும் மெல்லிய பின்னல் துணி அது. "சுத்த காட்டன். நம்ம மிஷின்ல ஓட்டுனதாட்டவே இருக்குது. இதுல காத்து வேணுங்கற மட்டும் போகும். துணின்னா காத்துப் போகும்டா, இதென்ன செவுரா? நான் பொறந்ததுல இருந்து துணியத் தொட்டுப் பாக்கறவன்." என் பக்கம் திரும்பினார். "என்ன கண்ணு, லேப்புல பாக்கறயல்ல? சிங்கிள் ஜெர்சில காத்துப் போகுமா, போகாதா?"

"போகுங்க சார்."

பொய் இல்லை. சிங்கிள் ஜெர்சியில் காற்றுப் போகும். லேபில் எந்த சாம்பிளைக் கொடுக்கிறார்களோ அதற்குத்தான் ரிப்போர்ட் தருவோம். அதற்கு வெளியே, கையகல இடைவெளியில், மழையில் நனைந்து விறைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பூச்சைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருத்தர் தொட்டுப் பார்க்காத துணிக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

அடுப்பை ஒரு பக்கம் கவினும் ஒரு பக்கம் நானும் பிடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தோம். எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அவன் அந்தச் சிவப்புக் கனலை வீடியோ எடுத்தான். "செம வைப்" என்றான். போனைப் பாருங்கள், அதில் என் கையும் விழுந்திருக்கும்.

கரியில் புகை வரும்வரை பயமே இல்லை மேடம். கண் எரியும், இருமல் வரும், மனிதன் எழுந்து ஓடிவிடுவான். நன்றாகப் பற்றிச் சிவந்த கரி எந்தத் தொந்தரவும் செய்யாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனைகூடக் கிடையாது. தலை லேசாகக் கனக்கும், தூக்கம் வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கோழி தின்ற மதியத்தில் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? இதைக் காலேஜில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த டிகிரியை மழையில் நனையாமல் பத்திரப்படுத்தியவர்களுக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கவில்லை.

ஆனாலும் கூடாரத்தில் மேலே வலை போட்ட ஜன்னல்கள் இருந்தன. கூடாரம் செய்தவன் முட்டாள் இல்லை. அவை அப்படியே இருந்திருந்தால் எல்லோரும் லேசான தலைவலியோடு எழுந்து காப்பி கேட்டிருப்பார்கள். அவற்றின் வழியாக ஊதக்காற்று வருகிறது என்று ஞானாம்பாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அனு, கார் டிக்கில வேஸ்ட்டு மூட்டை கெடக்குது பாரு. எடுத்தாந்து அந்த ஓட்டையெல்லாம் அடைச்சுப்போடு கண்ணு. நனைச்சு அடை, இல்லீன்னா காத்துக்குப் பொட்டுனு உழுந்துரும்."

திருப்பூரில் எந்தக் காரின் டிக்கியைத் திறந்தாலும் பனியன் வேஸ்ட் இருக்கும். கட்டிங்கில் விழும் துண்டுத் துணி. கண்ணாடி துடைக்க, கை துடைக்க, டயருக்கு அண்டை கொடுக்க. குளிர்ப் பிரதேசத்துக்கு ஸ்வெட்டர் இல்லாமல், துண்டுத் துணியை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போகிற ஜனம் உலகத்தில் வேறு எங்கேயும் இருக்காது.

ஸ்டூல் போட்டு ஏறினேன். சிங்கிள் ஜெர்சித் துண்டு ஓரத்தில் சுருண்டுகொள்ளும், அடைப்புக்கு ஆகாது. கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி இறுக்கமாக உட்காரும். ரிப்பாகப் பொறுக்கி எடுத்து, தண்ணீரில் முக்கிப் பிழிந்து, மூலை மூலையாக வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். வேலை என்று கொடுத்தால் நான் அரைகுறையாகச் செய்வதில்லை. அவர்களே அதைப் பாராட்டியிருக்கிறார்கள். அன்றும் சார் படுத்தபடியே பார்த்துவிட்டு, "பாத்தியாடா கவினு, புள்ள எம்புட்டு நறுவுசாப் பண்ணுது. உன்னால ஆவுமா?" என்றார்.

"அதுக்குத்தான அவளக் கூட்டிட்டு வந்துருக்கறோம்" என்றான் அவன்.

நான் வெளியே போகும்போது சார் சொன்னார். "யாழினி வெளிய வெளையாடட்டும், மழை வெறிச்சிருச்சு. நீ கூடவே இரு. எங்கள யாரும் எழுப்ப வேண்டாம்னு அந்தாளுகிட்டயும் சொல்லிப்போடு. ஜிப்ப மூடிட்டு வெளிய கொக்கிய மாட்டிரு கண்ணு, கொரங்கு தொறந்துருமாம்."

ஜிப்பை மூடினேன். கொக்கியை மாட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து நல்லான் வந்தார். ஜெனரேட்டருக்கு டீசலும் பாலும் வாங்கக் கீழே ஊருக்குப் போகவேண்டும், குடையோடு நின்றார். தாழ்வாரத்தைப் பார்த்துவிட்டு, "அடுப்பு எங்கம்மா?" என்றார்.

"ஷெட்டுப் பக்கம் வச்சிருக்கோம்."

"உள்ள மட்டும் கொண்டுபோயிராதீங்கம்மா. போன வருசம் அந்தப் பக்கத்துத் தோட்டத்துல ரெண்டு பேரு இப்படித்தான் படுத்துட்டு எந்திரிக்கல. வந்தவுடனே சொல்லணும்னு நெனச்சேன், சாப்பாட்டு வேலையில மறந்துட்டேன். எழுப்பிச் சொல்லட்டுங்களா?"

"தூங்குறாங்க. எழுப்ப வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. நான் சொல்லிடறேன்."

"சரி தாயி, மறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இதைத்தான் அவர் உங்களிடம் சொல்லியிருப்பார், நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். நம்புங்கள். அவர் சொன்னார். எழுப்ப வேண்டாம் என்று எனக்கு உத்தரவு இருந்தது, நான் எழுப்பவில்லை. அந்தக் கம்பெனியில் உத்தரவை மீறியவர்களை என்ன செய்வார்கள் என்று எங்கள் அப்பாவைக் கேளுங்கள்.

யாழினியைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் குழந்தைமேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவள் வெளியே இருந்ததில் எனக்கு நிம்மதிதான். கையைப் பிடித்துக்கொண்டு முட்டைக்கோஸ் தோட்டம்வரை நடந்தோம். இலைமேல் நின்ற தண்ணீரை விரலால் உருட்டி விளையாடினாள். கோஸுக்கு ஏன் இத்தனை சட்டை என்று கேட்டாள். அதற்குக் குளிரும் இல்லையா என்றேன். சிரித்தாள்.

"அனுக்கா, நீங்க பெங்களூரு போகலியாமா. அப்பா சொன்னாரு. ஜாலி."

"உனக்கு என்ன ஜாலி?"

"நீங்க எப்பவும் எங்களுதுதான?"

எட்டு வயசுப் பிள்ளை சொல்வதை யாராவது மனதில் வைத்துக்கொள்வார்களா? நானும் வைத்துக்கொள்ளவில்லை. மறுபடி தூறல் போட்டது. அவள் கை குளிரில் சிவந்துவிட்டது, "அம்மாகிட்டப் போறேன்" என்றாள். சமையல் ஷெட்டில் இடம் இருந்தது. என் கட்டில் இருந்தது, போர்வை இருந்தது, விறகடுப்பு திறந்த வெளியில் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் மழை வந்தால் யாழினியை நனையவிடாமல் உள்ளே அனுப்பிவிடு என்று காலையிலேயே ஞானாம்பாள் அக்கா சொல்லியிருந்தார். அவள் கேட்டாள், அவள் அம்மாவும் சொல்லியிருந்தார். நான் யார் தடுக்க?

கொக்கியை எடுத்து, ஜிப்பை அவள் நுழையும் அளவுக்கு மட்டும் இறக்கினேன். உள்ளிருந்து சூடு முகத்தில் அடித்தது. மூன்று பேரும் நல்ல நிறமாக இருந்தார்கள். கன்னமெல்லாம் சிவந்து, மலைக்காற்று ஒத்துக்கொண்ட மாதிரி. சாரின் வாய் திறந்திருந்தது. யாழினி செருப்பை வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தாள். ஜிப்பை மூடினேன். கொக்கியை மாட்டினேன்.

நல்லான் திரும்பி வர இருட்டிவிட்டது. அவர்தான் திறந்தார். கத்தினார், ஓடினார், ஒவ்வொருவராக வெளியே இழுத்துப் போட்டார். நான் ஷெட்டில் தூங்கிப்போனேன் என்று உங்கள் ஆட்களிடம் முதலில் சொன்னேன். உங்களிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதைத் திருத்தத்தான் இன்று வந்தேன்.

நான் தூங்கவில்லை. தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கூடாரத்துக்குள் ஜிப் ஓரமாகச் சத்தம் கேட்டது.

"அனுக்கா, தல வலிக்குது."

நான் கொக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அம்மாவ எழுப்புனேன். எந்திரிக்க மாட்டேங்கறாங்க. அனுக்கா, கொக்கியக் கழட்டுங்க."

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன். "அம்மா பக்கத்துல போயிப் படுத்துக்க. கண்ண மூடுனா சரியாயிரும்."

"சரிங்க்கா" என்றாள். போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் செய்தேன், எதையும் தட்டவில்லை என்றுதான் இவ்வளவு நேரமும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொக்கியைக் கழற்றச் சொன்னாள் அல்லவா, அதை மட்டும் தட்டினேன்.